எட்டாயிரம் ரூபாய் டார்ச்சும் இருபதாயிரம் ரூபாய்க் கத்தியும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்கு ஊரில் தோட்டம் இருக்கிறது, மாதம் ஒரு முறை மலையேற்றமும் உண்டு. எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டார்ச்சும், இருபதாயிரத்துக்கு அமெரிக்காவில் செய்த ஒரு மடக்குக் கத்தியும் பார்த்து வைத்திருக்கிறார். பக்கத்துக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு டார்ச்சும் நூறு ரூபாய்க்குக் கத்தியும் கிடைக்கும்போது, இந்த விலை வெறும் பெயருக்குத்தானா, இல்லை உள்ளே ஏதாவது சரக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்.

டார்ச்சில் சரக்கு இருக்கிறது. ஆனால் அது எட்டாயிரத்துக்கு வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும். கத்தியைப் பொறுத்தவரை, உங்களிடம் தீட்டுக்கல் இருக்கிறதா என்பது என் முதல் கேள்வி. இல்லையென்றால் இருபதாயிரம் ரூபாய்க் கத்தி ஆறு மாதத்தில் நூறு ரூபாய்க் கத்தியைவிட மோசமாக வெட்டும்.

நான் கோவையில் எஃகுக்குப் பதம் போடும் பட்டறை ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவன். டார்ச் எனக்குப் பைத்தியம். பிரித்து, பல்பு மாற்றி, மறுபடி பூட்டி, சிலதைக் கெடுத்தும் இருக்கிறேன். அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போகிற வீடு எங்களுடையது. எனவே டார்ச் எங்களுக்கு அலங்காரப் பொருள் கிடையாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மூணு கட்டை டார்ச் நினைவிருக்கும். பித்தளை உடம்பு, உள்ளே மூன்று தடி செல், மஞ்சள் வெளிச்சம். அது இருபது முப்பது லுமனைத் தாண்டியிருக்காது (டார்ச் தரும் மொத்த வெளிச்சத்துக்கான அளவு லுமன்). செல்லை எடுக்காமல் மூன்று மாதம் வைத்துவிட்டால் உள்ளே வழிந்து, மூடி திறக்காமல் போகும். அந்தக் கார்பன் செல்லின் வெளிக்கூடே துத்தநாகம்தான். மின்சாரம் தரத் தர அந்தக் கூடே கரைகிறது, கடைசியில் ஓட்டை விழுகிறது. இன்று முந்நூறு ரூபாய் எல்இடி டார்ச் அதைப்போல பல மடங்கு வெளிச்சம் தரும். பழைய டார்ச்சோடு ஒப்பிட்டால் எந்த டார்ச்சும் இன்று மலிவுதான்.

அப்படியானால் முந்நூறு ரூபாய் டார்ச்சில் என்ன குறை? பெரும்பாலானவற்றின் உள்ளே நான்கு வோல்ட் ஈய அமில பேட்டரி இருக்கும். பின்பக்கம் மடக்கி வைத்த இரண்டு பின்னை நேராக பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றுவோமே, அந்த வகை. ஈய அமில பேட்டரிக்குப் பட்டினி ஆகாது. தீர்ந்த நிலையில் சில மாதம் அலமாரியில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அதன்பின் சார்ஜ் ஏறாது. டார்ச் என்பது அலமாரியில் கிடந்துவிட்டு, கரண்ட் போகும் அன்றைக்கு மட்டும் எடுக்கிற பொருள். அந்த வேலைக்கு மிகப் பொருத்தமில்லாத பேட்டரி எது என்று தேடினால் இதுதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் இப்படி ஏழெட்டு டார்ச்சுகள் செத்திருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல டார்ச்சின் விலை.

அடுத்தது பெட்டிமேல் போடும் எண்கள். ‘ஒரு லட்சம் லுமன்’ என்று கையளவு டார்ச்சில் அச்சடித்து விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல எல்இடி, நல்ல சர்க்யூட் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய நூறு லுமன் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் லுமனுக்கு ஆயிரம் வாட் வேண்டும். அது இஸ்திரிப் பெட்டி இழுக்கிற மின்சாரம். அதைக் கையில் பிடிக்க முடியுமா?

நல்ல டார்ச்சுகளில் இன்று பரவலாக இருப்பது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். நம்பி வாங்கக்கூடிய செல்லில் 3,500 மில்லி ஆம்பியர் அவர் சுற்றுவட்டாரம்தான் கொள்ளளவு. 9,900 என்று எழுதியிருந்தால் போலி. எடுத்துத் தராசில் வையுங்கள். ஒழுங்கான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி பல நேரம் அதைவிடக் கணிசமாக இளைத்திருக்கும். உள்ளே சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்த நல்ல செல்லில் சுமார் 12.6 வாட் அவர் ஆற்றல் இருக்கிறது. ஆயிரம் லுமனில் எரித்தால் ஒன்றேகால் மணி நேரம். அதுவும் சூடு அனுமதித்தால். பத்து வாட்டைத் தொடர்ந்து வெளியேற்றும் அளவுக்கு விரல் நீள அலுமினியக் குழாயில் பரப்பு கிடையாது. எனவே ஓரிரு நிமிடத்தில் டார்ச் தானாகவே முந்நூறு, நானூறு லுமனுக்கு இறங்கிவிடும். பெரிய கம்பெனி டார்ச்சிலும் இதுதான் நடக்கிறது. சூடு பெயர் பார்ப்பதில்லை.

நேர்மையான கம்பெனிகள் எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவீட்டைப் பின்பற்றுகின்றன, 2009-ல் வந்தது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அந்த முறையில் லுமன் அளப்பது டார்ச்சைப் போட்ட முப்பது வினாடி கழித்து. எரியும் நேரமோ, வெளிச்சம் அந்தத் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகும் வரை. ஆக ‘1,000 லுமன், 3 மணி நேரம்’ என்றால் ஆயிரம் லுமனில் மூன்று மணி நேரம் என்று பொருள் இல்லை. முதல் இரண்டு நிமிடம் ஆயிரம், மீதி நேரம் முழுக்க முந்நூறு என்றிருந்தாலும் பெட்டியில் எழுதியது பொய்யாகாது. ‘தூரம் 300 மீட்டர்’ என்பதும் அப்படித்தான். 300 மீட்டரில் கால் லக்ஸ் வெளிச்சம் விழும், அதாவது பௌர்ணமி நிலவொளி அளவு. அந்தத் தூரத்தில் தென்னை மரம் தெரியும், அதன் கீழே நிற்கிறவர் யார் என்று தெரியாது. எழுதிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியாகப் பார்க்க உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கண்ணுக்கு வெளிச்சம் இரு மடங்காகத் தெரிய வேண்டுமானால் லுமன் சுமார் நான்கு மடங்காக வேண்டும். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் விலைப்பட்டியலில் பெரிதாகத் தெரியும், வயலில் தெரியாது.

சரி, அப்படியானால் நல்ல டார்ச்சுக்குக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது? முதலில் டிரைவர். எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சர்க்யூட் அது. மலிவான டார்ச்சில் செல்லையும் எல்இடியையும் ஏறக்குறைய நேரடியாகவே இணைத்திருப்பார்கள். முதலில் பளிச்சென்று எரிந்து, செல் இறங்க இறங்க மங்கிக்கொண்டே போகும். நல்ல டிரைவர் கடைசி வரை ஒரே அளவில் வைத்திருக்கும், முடிகிற நேரத்தில் எச்சரித்துவிட்டுக் குறையும். மங்கலான நிலையில் மலிவு டார்ச்சை மொபைல் கேமராவில் பாருங்கள், கறுப்புக் கோடுகள் ஓடும். வேகமாக அணைத்து அணைத்துப் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம். சிலருக்கு அதில் தலை வலிக்கும்.

இரண்டாவது நிறம். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், விளம்பரத்தில் கடைசியாக வருவதும் இதுதான். மலிவு டார்ச்சின் வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை. அதில் சிவப்பு குறைவு. காய்ந்த தென்னை மட்டை, சருகு, ஈர மண் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கண்ணாடி விரியனின் உடம்பு பழுப்பு, முதுகில் வரிசையாக அடர்ந்த வட்டங்கள். சருகில் கிடந்தால் பகலிலேயே தெரியாது. நீல வெளிச்சத்தில் அந்தப் பழுப்பும் சருகின் பழுப்பும் ஒன்றாகிவிடும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு அளவு உண்டு, வெயிலுக்கு நூறு. மலிவு எல்இடிக்கு எழுபது இருக்கும், நல்லதற்குத் தொண்ணூறுக்கு மேல். நிச்சியா 519ஏ என்ற ஜப்பான் எல்இடி, டார்ச் பைத்தியங்களான எங்கள் கூட்டத்தில் பிரபலம். நீல எல்இடிக்காக 2014-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஷூஜி நாகமுரா அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தது இதே நிச்சியா கம்பெனியில்தான்.

அந்த 519ஏ எல்இடி ஒன்றின் விலை இரண்டு, மூன்று டாலர்தான். சிஆர்ஐ கூடினால் லுமன் கொஞ்சம் குறையும். பெட்டிமேல் போடும் எண் சிறுத்துவிடும் என்பதால்தான் பலர் போடுவதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்தில், மழைக்காலத்தில். ராத்திரியில் தோட்டத்துக்குப் போகிற மனிதருக்கு லுமனைவிட நிறம்தான் முக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். (டார்ச் எவ்வளவு நல்லதானாலும் காலில் பூட்ஸ் போடுங்கள்.)

மூன்றாவது, தண்ணீர் புகாத கட்டுமானம். ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் ஆழத்தில் மூழ்கினாலும் தாங்கும் என்று கம்பெனி உறுதி சொல்கிறது. மூடியில் ரப்பர் வளையம், மரையில் சிலிக்கான் கிரீஸ், அவ்வளவுதான் ரகசியம். வாய்க்காலில் விழுந்தது, ஒரு நாள் முழுக்க மழையில் கிடந்தது என்று என் டார்ச் ஒன்றுக்குப் பல அனுபவம் உண்டு, இன்னும் எரிகிறது.

இந்த மூன்றும் உங்களுக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கான்வாய், சோஃபிர்ன், வுர்க்கோஸ் போன்ற சீனப் பெயர்களைத் தேடுங்கள். இவற்றின் உள்ளே இருக்கும் எல்இடியும் செல்லும், மூன்று மடங்கு விலை டார்ச்சின் உள்ளே இருப்பவையும் பல நேரம் ஒரே ஆலையிலிருந்து வந்தவை. அதற்கு மேல் ஃபீனிக்ஸ், ஏஸ்பீம் வகையறாவுக்குப் போனால் நிதானமான தரக் கட்டுப்பாடும், பழுதானால் மாற்றித் தரும் உத்தரவாதமும் கிடைக்கும். போலீஸ், தீயணைப்பு, குகைக்குள் இறங்குகிறவர் போன்றோர் அதற்குக் கொடுப்பது நியாயம். உங்களுக்கும் எனக்கும் அது ஆசைதான். ஆசைக்குக் கொடுப்பதில் தப்பில்லை, ஆசை என்று தெரிந்து கொடுத்தால் சரி.

எட்டாயிரத்துக்கு மேல் போகும்போது சில நேரம் பொருள் மோசமாகவே ஆகிறது. டைட்டானியம் டார்ச் என்று விற்கிறார்கள், அழகாக இருக்கும். ஆனால் டார்ச்சில் பயன்படும் அலுமினியக் கலவை கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் டைட்டானியக் கலவை கடத்தும். எல்இடியின் சூடு வெளியேறாமல் தலையிலேயே தங்கும், டார்ச் இன்னும் சீக்கிரம் மங்கும். மோதிரத்துக்கு நல்ல உலோகம் அது.

டார்ச்சில் நிறையப் பணம் போடாதீர்கள் என்று நான் சொல்ல இன்னொரு காரணம், அது பழசாகிவிடும். 2004-ல் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் எனக்காக ஷூர்ஃபயர் 6பி என்ற டார்ச் ஒன்று வாங்கி வந்தார், அறுபது டாலர் அளவில். அன்று எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. 65 லுமன், கூடவே இரண்டு லித்தியம் செல்லை ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. இன்று சாவிக்கொத்தில் தொங்கும் டார்ச் அதைத் தோற்கடிக்கும். உடம்பு மட்டும் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. அதற்குள் பொருந்தும் எல்இடி தலை ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். டார்ச் பாதி இரும்புச் சாமான், பாதி மொபைல் போன். மொபைல் பாதிக்கு ஆயுள் சந்தா கட்டுகிற மாதிரி யோசிக்காதீர்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வாங்கினால் பொத்தானைப் பாருங்கள். ஆர்வலர்களுக்கென்று வரும் சில டார்ச்சுகளில் ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டும் ஒரு அழுத்தமும் என்று முப்பது வகை வேலை இருக்கும். நான் ஆசையாக அப்பாவுக்கு அப்படி ஒன்று கொடுத்தேன். ஒரு நாள் ராத்திரி தோப்பு நடுவில் அது பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பித்து நிற்கவே இல்லை. மறுநாள் காலை அதை மேஜையில் வைத்து, “தட்டுனா எரியணும், மறுபடி தட்டுனா அணையணும். இது என்னடா, பம்பரம் மாதிரி?” என்றார். இப்போது அவரிடம் இருப்பது ஒரே பொத்தான் உள்ள சாதாரண டார்ச்.

லித்தியம் செல்லில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். சாம்சங், எல்ஜி, முராட்டா, பானசோனிக் மாதிரி நேர்மையாக எண் போடும் கம்பெனிகளின் செல்லை, தெரிந்த கடையில் வாங்குங்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது. உதிரி செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் ஒட்டினால் நெருப்புதான்.

இனி கத்திக்கு வருவோம். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும்.

இணையத்தில் விற்கும் மடக்குக் கத்திகளில் ‘டி2 எஃகு’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் பிரஸ் டூல் பட்டறைகளில் அதற்கு ஹெச்.சி.ஹெச்.சி.ஆர் என்று பெயர். ஒன்றரை சதவீதம் கார்பன், பன்னிரண்டு சதவீதம் குரோமியம். தகடு வெட்டும் டை செய்யும் எஃகு. மூலையில் துண்டு துண்டாகக் கிடக்கும். நல்ல எஃகுதான். ஆனால் எஃகின் பெயர் கத்தியில் பாதிக் கதைதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் வைத்தார்கள், எப்படிக் குளிர வைத்தார்கள், பிறகு உடையாமலிருக்க எந்தச் சூட்டில் மறுபடி காய்ச்சிப் பதம் இறக்கினார்கள் என்பது மீதிக் கதை. ஒரே கட்டையில் வெட்டிய இரண்டு துண்டு, இரண்டு உலைக்குப் போய்விட்டு வந்தால் ஒன்று கண்ணாடி மாதிரி உடையும், ஒன்று ஈயம் மாதிரி வளையும். விலை உயர்ந்த கத்தியில் நீங்கள் பணம் கொடுப்பதில் நியாயமான பங்கு இந்த உலை வேலைக்குத்தான். கத்தி செய்யும் அமெரிக்காவின் பக் கம்பெனி பல பத்தாண்டுகளாக 420ஹெச்சி என்ற சாதாரண எஃகை வைத்துப் பெயர் வாங்கியதும் அப்படித்தான்.

எங்கள் பக்கம் ஹாக்ஸா கத்தி என்று ஒன்று உண்டு. பவர் ஹாக்ஸா இயந்திரத்தில் தேய்ந்துபோன ரம்ப பிளேடை உடைத்து, தேய்த்து, மரக் கைப்பிடி போட்டு நூறு நூற்றைம்பதுக்கு விற்பார்கள். கறிக்கடையிலும் சமையலறையிலும் பார்த்திருப்பீர்கள். முழுக்க ஹை ஸ்பீடு எஃகில் செய்த பிளேடாக இருந்தால், அதன் கடினத்தன்மை பல ஆயிரம் ரூபாய்க் கத்திகளுக்கு நிகர். கறை பிடிக்கும், பார்க்க அசிங்கம், கீழே விழுந்தால் உடையலாம். ஆனால் வாய், அதாவது கூரான விளிம்பு, நிற்கும். இருபதாயிரம் ரூபாய்க் கத்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கத்திதான் நினைவுக்கு வரும்.

இப்போது அந்த ‘சூப்பர் எஃகு’ பெயர்கள். எஸ்30வி 2001-ல் வந்தது, கத்திக்கென்றே வடிவமைத்த எஃகு. நியூயார்க் மாநிலத்தின் குரூசிபிள் கம்பெனி, உருகிய எஃகைத் தூளாகத் தெளித்து, அந்தத் தூளை அழுத்திக் கட்டியாக்கும் முறையில் செய்தது. அதனால் உள்ளே இருக்கும் கார்பைடுத் துகள்கள் (கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினமான துகள்கள்) பொடிசாக, சமமாகப் பரவியிருக்கும். அதில் நான்கு சதவீதம் வனேடியம் என்ற உலோகம். வனேடியம் கார்பைடு எஃகைவிட மட்டுமல்ல, சாதாரண தீட்டுக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடைவிடவும் கடினம். 2021-ல் வந்த மேக்னாகட் என்ற எஃகு இன்னும் சமச்சீரானது, துருவும் அதிகம் பிடிக்காது. இவற்றில் நன்றாகப் பதம் போட்ட கத்தி, அட்டைப்பெட்டியும் கயிறும் வெட்டும்போது சாதாரணக் கத்தியைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் வாய் தாங்கும். இது உண்மை, விளம்பரம் இல்லை.

இடையில் ஒரு செய்தி. மேலைநாட்டார் வூட்ஸ் என்று கொண்டாடிய எஃகின் பெயர் நம் உருக்கு, கன்னடத்தின் உக்கு என்பதிலிருந்து போனது என்பார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குப்பியில்) எஃகு காய்ச்சிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகில் தெரியும் அலை அலையான கோலத்துக்குக் கனிமத்தில் தற்செயலாகக் கலந்திருந்த வனேடியம் போன்றவை காரணம் என்று 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் காட்டினார்கள். பழைய கொல்லருக்கு வனேடியத்தின் பெயர் தெரியாது, எந்த ஊர்க் கல் நல்லது என்று தெரிந்திருக்கும்.

திரும்ப வருவோம். எஃகைவிடக் கத்தியின் உருவம்தான் வெட்டுகிறது. வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிப்பு, வாயின் கோணம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. போர்க்களத்துக்குப் போவதுபோல நாலு மில்லிமீட்டர் தடிப்பில் வரும் மடக்குக் கத்தியால் ஆப்பிளை வெட்டிப் பாருங்கள், வெட்டாது, பிளக்கும். பக்கத்துக்கு இருபது டிகிரி கோணத்தைப் பதினைந்தாகக் குறைத்தால் கிடைக்கும் முன்னேற்றம், எஃகை ஒரு படி உயர்த்திக் கிடைப்பதைவிடக் குறைந்ததில்லை. அதற்குச் செலவு அரை மணி நேரமும் ஒரு கல்லும்.

இங்கேதான் இருபதாயிரம் ரூபாய்க் கத்தியின் சிக்கல். அது மழுங்கும், எல்லாக் கத்தியும் மழுங்கும். அன்றைக்கு நீங்கள் அதை எங்கே கொண்டு போவீர்கள்? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் அவர் சுற்றும் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடிப்பார். மெல்லிய வாய் இரண்டு வினாடியில் சூடேறிவிடும். இந்த எஃகுகளில் பலவற்றுக்கு இருநூறு டிகிரி அளவில்தான் பதம் இறக்கியிருப்பார்கள். அதைத் தாண்டினால் அந்த இடத்தில் பதம் போயிற்று. வாயோரம் நீலம் பாய்ந்திருந்தால் முந்நூறு டிகிரி பார்த்துவிட்டது என்று அர்த்தம். நீலம் தெரியாவிட்டாலும் நுனியில் போயிருக்கலாம். சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் பிடிப்பது அரிவாள்மனையும் கத்தரிக்கோலும், அவற்றுக்கு அது போதும். வேடிக்கை என்னவென்றால், நான் சொன்ன ஹாக்ஸா கத்திக்கு அந்தச் சூடு ஒன்றுமே செய்யாது. ஹை ஸ்பீடு எஃகுக்கு ஐந்நூறு டிகிரிக்கு மேல்தான் பதம் இறக்குவார்கள்.

ஆக நீங்களே தீட்ட வேண்டும். வனேடிய எஃகுக்கு வைரத் தூள் ஒட்டிய தகடு வேண்டும். ஒரு பக்கம் சொரசொரப்பான 400, மறுபக்கம் நைசான 1,000 என்று உள்ளது ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிறது. வாயோரம் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் கோணம் சரியா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும் வரை விடாதீர்கள். பிசிறு வந்தபின் மறுபக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு வீச்சு. பத்து நாள் பழகினால் வந்துவிடும். இது வந்தபின் நூறு ரூபாய்க் கத்தியும் தக்காளியைக் கண்ணாடித்தாள் மாதிரி சீவும். அதன்பிறகும் விலை உயர்ந்த எஃகு வேண்டுமென்று தோன்றினால் வாங்குங்கள், அப்போது அதன் வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும்.

அந்த உச்சியில் இருக்கும் கத்திகள் எப்படி? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செய்யும் கிறிஸ் ரீவ் செபென்சாவை எடுத்துக்கொள்வோம். 400 டாலருக்கு மேல். கைப்பிடியின் டைட்டானியத் தகடே ஒரு பக்கம் வளைந்து அலகைப் பூட்டும் அமைப்பை உலகுக்குப் பழக்கியது அந்தக் கத்திதான். ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். திறக்கும்போது எங்கும் ஆட்டமில்லை, உரசலில்லை, ஹைட்ராலிக் போல வழுக்குகிறது. இயந்திர வேலை தெரிந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். வெட்டுவதிலோ? எண்பது டாலர் கத்தி ஒன்று அதோடு சரிசமமாக வெட்டும். அந்த மீதி முந்நூறு டாலர் நுணுக்கத்துக்கும், பல வருடம் கழித்தும் கம்பெனியே பிரித்துத் துடைத்துச் சரிசெய்து தருவதற்கும். ஒன்று சொல்ல வேண்டும்: டார்ச் மாதிரி இது பழசாகாது. இருபது வருடம் கழித்தும் நல்ல விலைக்கு விற்கலாம். விலை உயர்ந்த டார்ச், விலை உயர்ந்த கத்தி இரண்டில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் கத்தியைத்தான் சொல்வேன்.

அந்த அளவுக்குப் போகாமல் நல்ல கத்தி வேண்டுமானால் ஐரோப்பாவின் பழைய மலிவுக் கத்திகளைப் பாருங்கள். பிரான்சின் ஒபினெல் 1890-லிருந்து வருகிறது. மரக் கைப்பிடி, மெல்லிய அலகு, 1955-ல் சேர்த்த திருகு வளையம்தான் பூட்டு. எட்டாம் எண் போதும். மழையில் மரம் ஊறித் திறக்க மறுக்கும், அது ஒன்றுதான் தொல்லை. சுவீடனின் மோரா கம்பேனியன் மடங்காது, பிளாஸ்டிக் உறையோடு வரும். மலையேற்றத்துக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்ட இடம் எனக்கு இதுவரை வரவில்லை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் வேண்டுமென்றே மென்மையான எஃகில் செய்கிறது, கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 56 தான். சீக்கிரம் மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும், அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடிப்பாகத்திலும்கூட, ஐந்து நிமிடத்தில் வாய் திரும்பிவிடும். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் இரண்டு மூன்றாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

தோட்ட வேலைக்கு இவை எதுவுமே வேண்டாம். மட்டை வெட்ட, இளநீர் சீவ, முள் கழிக்க ஊர்க் கொல்லர் லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் தகட்டில்) அடித்த அரிவாள்தான். வீசி வெட்டுவதற்குக் கடினத்தைவிட முறியாத தன்மை முக்கியம். பட்டை எஃகு அதற்கென்றே பிறந்தது. எஸ்30வியில் அரிவாள் அடித்தால் முதல் மட்டையிலேயே வாயில் பல் விழுந்துவிடும். திருப்பாச்சேத்திக்குப் போக முடிந்தால் போங்கள், இல்லையென்றால் உங்கள் ஊரில் தோய்ச்சல் போடத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வீட்டு, விவசாய, தொழில் வேலைக்கல்லாத கத்தியில் அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் நம் ஆயுத விதிகள் அதை ஆயுதமாகப் பார்க்கின்றன. மேலே சொன்ன மடக்குக் கத்திகள் அதற்கு வெகு கீழே. ஆனால் விமானத்தில் கத்தி கைப்பையில் போகக் கூடாது, உதிரி லித்தியம் செல் பெரிய பெட்டியில் போகக் கூடாது. இரண்டையும் மாற்றி வைத்துவிட்டு நிற்கும் ஆட்களை விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இருபத்தெட்டாயிரம் ரூபாயை என்னிடம் கொடுத்தால் இப்படிச் செய்வேன். மூவாயிரத்துக்குள் தொண்ணூறு சிஆர்ஐ உள்ள, அலுமினிய உடம்பு டார்ச் ஒன்று. நாலாயிரம், ஐயாயிரம் கெல்வின் நிறத்தில் எடுங்கள், ஆறாயிரத்து ஐந்நூறு வேண்டாம் (கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்). இரண்டு நல்ல செல், ஒழுங்கான சார்ஜர் ஒன்று. மலைக்குப் போக ஒரு நெற்றி டார்ச், ஏனென்றால் ஏறும்போது இரண்டு கையும் வேண்டும். ஒரு மோரா, ஒரு வைரத் தகடு. எல்லாம் சேர்த்து பத்தாயிரத்தைத் தாண்டாது. மீதியை ஒரு வருடம் அப்படியே வையுங்கள். புதுக் கத்தியை உடனே கல்லில் வைக்காதீர்கள். முதல் பத்து நாள் வீட்டில் கிடக்கும் பழைய காய்கறிக் கத்தியில் பழகுங்கள். அதில் கீறல் விழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கூர் வந்துவிட்டால் மட்டும் சமையலறையில் சொல்லிவிட்டு வையுங்கள், மழுங்கல் கத்தியை அழுத்திப் பழகிய கை அது.